நீர் பொது, குளம் தனியுடைமை: வடமேல் மாகாண இறால் வளர்ப்பில் நோய்க் கட்டுப்பாடு குறித்து

1

வளர்ப்பு இறாலைப் பீடிக்கும் நோய்கள் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் இரு வகையின. முதலாவது வகை நுண்ணுயிரியலும் விலங்கு மருத்துவமும் சார்ந்தது. நோயுண்டாக்கியின் பெயர், அமைப்பு, அறிகுறி, தடுப்புமுறை என்ற ஒழுங்கில் அமைவது. இரண்டாவது வகை சூழலியல் இயக்கங்களின் கண்டனக் குரலாக அமைவது. அழிந்த கண்டற்காடு, உவரேறிய வயல், வாழ்விழந்த மீனவர் என்பவற்றை முன்னிறுத்தி இறால் வளர்ப்பையே முற்றாக நிராகரிப்பது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாதன போன்று இயங்கி வருகின்றன. முதலாவதில் சமூகம் இல்லை. இரண்டாவதில் வைரசு இல்லை. இரண்டையும் ஒருசேர நோக்கினாலன்றிச் சிலாபம் முதல் புத்தளம் வரையிலான கரையோரத்தில் 1996ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இயலாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நோய்க் கட்டுப்பாட்டின் அலகு எது என்ற வினாவிலிருந்து தொடங்குவது பயனுடையது. மனித மருத்துவத்தில் அது நோயாளி. கால்நடை மருத்துவத்தில் பெரும்பாலும் மந்தை. இறாலைப் பொறுத்தவரை தனி உயிர் அந்த அலகாக இருத்தல் சாலாது. கலங்கிய நீரின் அடியில் ஊரும் இலட்சக்கணக்கான உயிர்களுள் நோயுற்றதைப் பிரித்தெடுத்து மருந்தூட்டுவார் எவருமிலர். எனவே குளமே அலகு எனக் கொள்வர். பண்ணையாளருக்கென எழுதப்பட்ட கைநூல்களும் குளத்தை மையமாகக் கொண்டே அமைகின்றன. ஆயின் ஒரு குளத்தினுள் இன்று ஏற்றப்படும் நீர், அயற் பண்ணையாளர் நேற்று வெளியேற்றிய நீராக இருக்குமிடத்துக் குளத்தின் வரப்பு நோயின் எல்லையாகுமா? வடமேல் மாகாணத்தில் நோயின் அலகாக அமைந்தது ஒரு முழு நீர்த்தொகுதி. குளங்கள் தனித்தனி உடைமைகள்; நீரோ எவருக்கும் தனியுடைமையன்று. இம்முரண்பாட்டை மனத்திற்கொண்டே பின்வருவனவற்றை நோக்க வேண்டும்.

2

முதலில் குளத்தினுள் நிகழ்வதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நம் கரையோரத்தில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டு வந்தது கருவரி இறால் எனவும் புலி இறால் எனவும் வழங்கும் இனமாகும். இயற்கையில் இது ஆழ்கடலில் முட்டையிடும். குஞ்சுகள் நீரோட்டத்தோடு களப்புகளை அடைந்து, கண்டல் வேர்களிடையே இரை தேடி வளர்ந்து, பருவமெய்தியதும் மீண்டும் கடல் புகும். களப்பின் நீர் அகன்றது. அங்கு இறால் அடர்ந்து வாழ்வதில்லை. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் ‘இறவு’ எனவும் ‘இறா’ எனவும் வருவது கழியிலிருந்து அரித்தெடுத்து மணலில் குவித்து உலர்த்தப்பட்ட இந்த இறாலே. அது பிடிக்கப்பட்டது; வளர்க்கப்படவில்லை. பிடித்தவரே அதனை உண்டனர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

வளர்ப்புக் குளத்தில் நிலைமை முற்றிலும் வேறானது. அரைச்செறிவு முறையில் சதுர மீற்றருக்கு 10 முதல் 20 குஞ்சுகள் வரை விடப்படுகின்றன. செறிவு முறையில் அத்தொகை இதனினும் பன்மடங்காகும். இத்துணை உயிர்களுக்கு வேண்டிய இரை குளத்தில் தானாக விளையாது. ஆகவே தீனி வெளியிலிருந்து கொட்டப்படுகிறது. அதில் ஒரு பகுதி உண்ணப்படாமலே அடியிற் படிகிறது. உண்ணப்பட்டதில் ஒரு பகுதி கழிவாகிப் படிகிறது. நாட் செல்லச் செல்ல அடிமண் கருஞ்சேறாகி, அமோனியாவும் ஐதரசன் சல்பைட்டும் வெளிவரத் தொடங்கும். கழிவின் ஊட்டத்தால் நீரில் நுண்பாசி பெருகும். பகலில் அது ஒட்சிசனை ஈயும். இரவில் தானே அதனை உறிஞ்சும். விடியுமுன் ஒட்சிசன் மிகத் தாழும் வேளையில் இறால்கள் நீரின் மேற்பரப்புக்கு வருவதைக் கண்டதும் பண்ணையாளர் துடுப்புச் சக்கரங்களை முடுக்கிவிட விரைவதுண்டு. மூச்சுத் திணறலுக்கும் நச்சு வாயுவுக்கும் இடையில் நாட்களைக் கழிக்கும் உயிர் எளிதில் நோய்வாய்ப்படும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. உவர்நீரில் எங்கும் இயல்பாகவே வாழும் விப்ரியோ என்னும் பற்றீரியாக் குலம் வலுவான இறாலை அவ்வளவாகத் தாக்குவதில்லை. நலிந்த இறாலை விடுவதுமில்லை.

இத்துடன் இறாலின் உடலியல்பு ஒன்றையும் சேர்த்து நோக்க வேண்டும். முள்ளந்தண்டுள்ள விலங்குகளின் உடல் ஒருமுறை கண்ட கிருமியை நினைவிற் கொண்டு, அதற்கெனத் தனி எதிர்ப்பொருளை உண்டாக்க வல்லது. இறாலுக்கு அவ்வாற்றல் இல்லை; அதன் தற்காப்பு பொதுவகைப்பட்டது. ஆகையால் நாம் அறிந்த பொருளிலான தடுப்பூசி இறாலுக்கு இல்லை. அது வளர வளரத் தோலுரிக்கும். தோலுரித்த வேளையில் மென்மையுற்றுக் கிடக்கும் தன் இனத்தையே ஏனையவை கடித்துத் தின்னும். செத்ததையும் தின்னும். ஒரு குளத்தில் நோய் பரவும் வேகத்துக்கு இவ்வழக்கமும் முக்கிய காரணமாகும்.

வெண்புள்ளி நோய் இவ்வாறான ஒரு குளத்தில் நுழையும்போது நிகழ்வது பேரழிவே. இதனை உண்டாக்கும் வைரசு பெரிய டி.என்.ஏ. வைரசுகளுள் ஒன்று, ஏறத்தாழ மூன்று இலட்சம் காரச் சோடிகள் கொண்ட மரபுப்பொருளை உடையது. நோயுற்ற இறால் முதலில் வழக்கத்துக்கு மாறாகத் தீனி தின்னும் என்றும் பின்னர் திடீரெனத் தின்னாது விடும் என்றும் பண்ணையாளர் கூறுவர். அதன்பின் கரையோரமாக ஒதுங்கும். உடல் செந்நிறம் பாயும். தலையோட்டின் உட்புறத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவான வெண்புள்ளிகள் தெரியும். 3 முதல் 10 நாட்களுக்குள் குளம் முழுவதும் மடிந்துவிடக்கூடும். மனிதருக்கு இவ்வைரசினால் எத்தீங்கும் இல்லை. ஆனால் நண்டு முதலிய ஓட்டுயிர்கள் பலவற்றை இது தொற்றும்; அவற்றுட் சில நோய்க்குறி காட்டாமலே அதனைச் சுமந்து திரியும். தாயிறாலிலிருந்து குஞ்சுக்கும் இது கடத்தப்படும். நீர்காக்கை ஒரு குளத்திற் கொத்திய இறாலை அடுத்த குளத்தில் நழுவவிட்டாற் போதும். மழைக்காலத்தில் நீரின் வெப்பமும் உவர்ப்பும் சட்டென்று தாழும்போது, உடலில் அடங்கிக் கிடந்த தொற்று நோயாக வெடிக்கிறது. நீரின் வெப்பநிலை 32 பாகை செல்சியசுக்கு மேல் நிலைத்திருக்கையில் வைரசின் பெருக்கம் தடைப்படுவது ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது. குளத்தை அவ்வாறு சூடாக வைத்திருப்பது எவராலும் இயலாதது என்பது வேறு விடயம்.

மருந்து இல்லை. இதனை அழுத்திக் கூறவேண்டியிருக்கிறது. ஏனெனில் மருந்து இல்லாத நோய்க்கும் மருந்து விற்கும் சந்தை எங்கும் உண்டு. வைரசை அணுகவும் மாட்டாத நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆசியாவின் பல நாடுகளில் இறால் குளங்களிற் கொட்டப்பட்டன. 2001, 2002ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியம் ஆசிய இறாலில் குளோரம்பெனிக்கோல், நைட்ரோபியூரான் என்பவற்றின் எச்சங்களைக் கண்டு தடைகளையும் கடும் சோதனைகளையும் விதித்த பின்னரே அவ்வழக்கம் ஓரளவு கட்டுக்குள் வந்தது. உண்பவரின் உடல்நலம் இறக்குமதித் துறைமுகத்தில் காக்கப்பட்டது. அதே மருந்துகள் கலந்த நீரில் நின்று உழைத்தவரைப் பற்றி எத்துறைமுகமும் கேட்கவில்லை.

எனவே செய்யக்கூடியது நோயை வரவிடாமற் காப்பதொன்றே. அறுவடைக்குப் பின் குளத்தை வற்றவிட்டு வெயிலிற் காயவைத்தல், கருஞ்சேற்றை அகற்றல், சுண்ணாம்பிடல், ஏற்றும் நீரை நெருக்கமான வலையினூடாக வடித்தல், வெளிற்றும் தூள் இட்டுச் சில நாட்கள் தேக்கக் குளத்தில் வைத்திருத்தல், நண்டு புகாதவாறு வரப்பைச் சுற்றி வேலியிடல், குஞ்சுகளை வாங்குமுன் பி.சி.ஆர். சோதனையால் வைரசு இல்லாமையை உறுதிசெய்தல் என இவை அமையும். இவை யாவும் பயன் தருபவையே. ஆனால் தேக்கக் குளம் அமைக்க நிலம் வேண்டும். சோதனைக்குப் பணம் வேண்டும். காயவிட்ட நாட்களில் வருமானம் இல்லை. ஒன்றரை ஏக்கரில் ஒரே குளம் வைத்திருப்பவரிடம் அதில் மூன்றிலொன்றைத் தேக்கத்துக்கு ஒதுக்குமாறு கூறும் கைநூல் யாரை நினைத்து எழுதப்பட்டது என்ற ஐயம் எழுவது இயல்பே.

3

இத்தொழிலின் உலக வரலாறு இடம்பெயர்தலின் வரலாறாகும். 1934இல் யப்பானில் மோட்டோசாகு ஹுடினாகா குருமா இறாலை அடைப்பில் முட்டையிடச் செய்ததோடு இதன் அறிவியல் தொடங்குகிறது. புலி இறாலின் குஞ்சுகளை உருவாக்கும் முறை 1968இல் தாய்வானில் கைகூடியது. இருபதாண்டுகளுள் தாய்வான் உலகின் முன்னணி உற்பத்தி நாடுகளுள் ஒன்றாயிற்று. 1988இல் அத்தொழில் நோயினாற் சரிந்தது. செறிவும் சீர்கெட்ட நீரும் அதற்கு வழிசெய்தன. குளங்களுக்கென நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததனால் கரையோர நிலமே தாழ்ந்தது. முதலும் தொழில்நுட்பமும் சீனா, தாய்லாந்து, இந்தோனேசியா என நகர்ந்தன. சீனாவில் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் மெற்றிக் தொன்னைத் தாண்டியிருந்த உற்பத்தி, வெண்புள்ளி வைரசினால் 1993இல் பாதிக்கும் கீழ் வீழ்ந்தது. 1994இல் அது இந்தியக் கிழக்குக் கரையை அடைந்தது. 1999இல் பசிபிக் பெருங்கடலின் அக்கரையிலுள்ள எக்குவடோரில் தோன்றியது. நீந்திச் சென்றதன்று, உயிருள்ள தாயிறாலும் குஞ்சும் உறைந்த இறாலும் வணிகமாகிய வழிகளிலேயே நோயும் பயணம் செய்தது.

முதலாளித்துவ விவசாயம் உழைப்பாளியோடு சேர்த்து மண்ணின் வளத்தையும் உறிஞ்சுவதை, ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்சு விளக்குகிறார். மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட் பரிமாற்றம் அதனாற் குலைவதை இலீபிக் என்னும் வேதியியலாளரின் ஆய்வுகளைக் கொண்டு அவர் நோக்கினார். மண்ணைப் பற்றி அவர் கண்டது உவர்நீருக்கும் பொருந்தும். ஒரு நீரைக் கெடுத்தபின் முதல் அடுத்த நீரை நாடுகிறது. இதனைச் சேனைப் பயிர்ச்செய்கையோடு ஒப்பிடுவாருமுளர். அவ்வொப்புமை சேனைக்கு இழைக்கும் அநீதியாகும். சேனை செய்தவன் காடு மீள வளரும் என அறிந்து அகன்றான். கண்டல் நில மண்ணில் பைரைற்று உண்டு. தோண்டிக் காற்றுப் படவிட்டதும் அது சல்பூரிக் கமிலத்தைத் தோற்றுவிக்கும். கைவிடப்பட்ட இறால் குளத்தில் நெல்லும் விளையாது. கண்டலும் எளிதில் முளையாது.

ஆனால் எல்லாவற்றையும் முதலின் கேட்டினால் மட்டும் விளக்கிவிடலாம் என்று எண்ணுவதும் தவறாகும். எக்குவடோர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1992இல் குவாயக்கில் வளைகுடாவை அண்டிய தௌரா ஆற்றுப் பகுதியில் இறால்கள் பெருந்தொகையாக மடியலாயின. மேட்டுப்புறத்தில் வாழைத் தோட்டங்கள். அங்கு கறுப்புச் சிகற்றோக்கா நோய்க்கெதிராகப் பூஞ்சைக்கொல்லிகள் விசிறப்பட்டுக்கொண்டிருந்தன. அந்நஞ்சு ஆற்றில் கலந்தே இறால் மடிகிறது என்ற விளக்கம் உடனே தோன்றியது, வழக்குகளும் தொடரப்பட்டன. வாழைக் கம்பனிகளின் வரலாற்றை அறிந்த எவருக்கும் அவ்விளக்கம் கவர்ச்சியானதே. ஆயினும் 1990களின் நடுப்பகுதியில் நோய்க்குக் காரணம் ஒரு வைரசு என்பது நிறுவப்பட்டது. நஞ்சையே குற்றவாளியாக எண்ணியிருந்த காலத்தில் நோயுற்ற குஞ்சுகளின் வணிகம் தடையின்றி நடந்ததனால் வைரசு ஏனைய நாடுகளையும் அடைந்தது. முற்போக்கு நோக்கு என்பது நாம் விரும்பும் விடையை இயற்கையின் வாயில் இடுவதன்று. வைரசு உண்மை; அது பரவிய வழியும் வேகமும் சமூக உண்மை.

இதன் மறுதலையான எடுத்துக்காட்டையும் காட்டலாம். 2009, 2010ஆம் ஆண்டுகளில் சீனாவிலும் வியற்னாமிலும், பின்னர் மலேசியா, தாய்லாந்து, மெக்சிக்கோ ஆகிய நாடுகளிலும், குளத்தில் விட்ட ஒரு மாதத்துக்குள்ளேயே குஞ்சுகள் மடியும் புதியதொரு நோய் தோன்றியது. புதிய வைரசாக இருக்குமென்று பலர் தேடினர். 2013இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் லைட்னரின் குழுவினர், பழகிய விப்ரியோக் குலத்து இனமொன்றே ஈரலைச் சிதைக்கும் நச்சுப்பொருளைச் சுரக்கும் ஆற்றல் பெற்று இந்நோயை உண்டாக்குவதைக் கண்டறிந்தனர். அவ்வாற்றல் பற்றீரியாக்களிடையே கைமாறக்கூடிய ஒரு பிளாஸ்மிட்டில் அமைந்திருந்தது. எங்கும் உள்ள சாதுவான உயிர் கொடியதாக மாறியமைக்குச் செறிந்த குளங்கள் எத்துணை இடமளித்தன என்பது சிந்தனைக்குரியது.

4

இலங்கையில் இறால் வளர்ப்பு 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பிள்ளை எனலாம். ஏற்றுமதிக்கு அளிக்கப்பட்ட சலுகைகளின் துணையோடு 1980களின் தொடக்கத்தில் மட்டக்களப்பில் பண்ணைகள் எழுந்தன. போர் அதனை நிறுத்தியது. 1987 சனவரியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் மகிழடித்தீவு இறால் பண்ணைத் தொழிலாளர் உள்ளிட்ட பலர் படையினராற் கொல்லப்பட்டமை யாவரும் அறிந்ததே. கிழக்கின் பரந்த களப்புகளும் வடக்கின் கரையோரமும் மூடப்பட்ட நிலையில், இத்தொழிலின் வளர்ச்சி முழுவதும் சிலாபம், முந்தல், புத்தளம் என்ற ஒரே நீர்த்தொகுதியில் குவிந்தது. நோயின் வரலாற்றை எழுதுவோர் இக்குவிதலைப் பெரிதாகக் கூறுவதில்லை. இனமுரண்பாட்டின் புவியியல் வைரசின் புவியியலையும் ஓரளவு வரைந்துவிட்டது என்று கூறுதல் மிகையாகாது.

இந்நீர்த்தொகுதியின் நடு நரம்பு ஒல்லாந்தர் கால்வாய். சரக்குப் படகுகள் செல்வதற்கென ஒல்லாந்தர் காலத்தில் அமைந்த இக்கால்வாய் சிலாபக் களப்பையும் முந்தல் ஏரியையும் புத்தளம் களப்பையும் இணைக்கிறது. ஆழமற்றது, நீரோட்டம் மந்தமானது. கடலோடு இதன் தொடர்பு குறைந்த காலங்களில் நீர் புதுப்பிக்கப்படுவது அரிது. இக்கால்வாயின் இருமருங்கும், கண்டற்காடும் உவர்ச் சதுப்பும் அரச காணிகளும் பண்ணைகளாயின. சில கம்பனிகளுக்குக் குத்தகையாக வழங்கப்பட்டவை. சில அனுமதியின்றி வெட்டப்பட்டவை. எல்லோரும் இதிலிருந்தே நீர் ஏற்றினர். எல்லோரும் இதற்குள்ளேயே கழிவை விட்டனர். உடப்பு முதலிய ஊர்களின் மீனவர் அதே நீரில் வலை வீசினர். 1980களின் இறுதியில் வேறொரு வைரசு நோய் எச்சரிக்கையாக வந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. 1998இல் மீண்டும் வந்தது. பெரும்பான்மையான பண்ணைகள் ஒருங்கே வீழ்ந்தன.

இங்கு பண்ணையாளர் ஒருவரின் நிலையிலிருந்து நோக்குவோம். கடனெடுத்துத் தீனியும் குஞ்சும் வாங்கியிருக்கிறார். ஒரு காலை குளக்கரையில் சில இறால்கள் செத்துக் கிடப்பதைக் காண்கிறார். மூன்று நாள் பொறுத்தால் யாவும் போய்விடும். இன்றே மதகைத் திறந்து நீரை வடித்து இறாலை அள்ளினால், சிறிதாயினும் விற்றுக் கடனில் ஒரு பகுதியையாவது அடைக்கலாம். அவர் திறக்கிறார். அவருடைய கணக்கின்படி அது சரியான முடிவே. ஆனால் வைரசு செறிந்த அந்நீர் கால்வாயில் கலக்கிறது. மறுநாள் கீழ்ப்புறத்துப் பண்ணையாளர் அதனை ஏற்றுகிறார். நீரை அடைத்து வைத்து வெளிற்றும் தூள் இட்டு வைரசை அழித்தபின் வெளியேற்றுதல் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவ்வாறு செய்பவர் தம் இழப்போடு தூளின் விலையையும் சுமக்கிறார். பயன் பெறுபவர் அயலவர். அறியாமையினால் நோய் பரவியது எனக் கூறும் அதிகாரிகளின் அறிக்கைகள் இவ்விடத்தில் தவறுகின்றன. குளத்தின் தனியுடைமைக்குரிய பகுத்தறிவே நீரின் பொதுமையை அழித்தது.

1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. பெருங் கம்பனிகள் பல நட்டமடைந்து விலகிய பின்னர் எஞ்சியோர் பெரும்பாலும் சிறு பண்ணையாளர். அவர்களுடைய சங்கங்களும் அதிகாரசபையும் இணைந்து 2000களில் உருவாக்கியதே பயிர்க் கால அட்டவணை எனப்படும் ஏற்பாடு. நீரைப் பகிரும் முறையைக் கொண்டு கரையோரம் வலயங்களாகவும் உபவலயங்களாகவும் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியும் எக்காலத்தில் குஞ்சு விடலாம், எக்காலத்தில் குளத்தைக் காயவிட வேண்டும் என்பது ஆண்டுதோறும் கூடி முடிவு செய்யப்படுகிறது. ஒரே நேரத்தில் இயங்கும் குளங்களின் தொகை நீர்த்தொகுதி தாங்கும் அளவுக்குள் அடங்குமாறு பார்த்துக்கொள்ளப்படுகிறது. நோய் கண்டவர் சங்கத்துக்கு அறிவித்தல் வேண்டும். தன்னிச்சையாக நீரை விடலாகாது. அயலவர்களே ஒருவரையொருவர் கண்காணிப்பதனால், தொலைவிலிருந்து வரும் பரிசோதகரைக் காட்டிலும் இது வலுவானது.

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நிகழ்ந்தவற்றோடு இதனை ஒப்பிடுவது பொருத்தமாகும். வைரசு வந்த அதே ஆண்டுகளில் நாகப்பட்டினம் கரையோரத்தில் நிலமற்ற விவசாயிகளின் போராட்டம் சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதனின் வழக்காக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. கரையோர ஒழுங்கு வலயத்தில் அமைந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறு 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பின்னர் 2005ஆம் ஆண்டின் கரையோர நீருயிரின வளர்ப்பு அதிகாரசபைச் சட்டம் அத்தொழிலைப் புதிய ஒழுங்கில் அனுமதித்தது. ஆந்திரத்திலோ 2000களின் தொடக்கத்திலிருந்து சிறு பண்ணையாளர் நீர்க்கழகங்களாகச் சேர்ந்து, ஒரே வாய்க்காலைப் பகிர்வோர் ஒரே காலத்தில் குஞ்சு விடுவது, சோதித்த குஞ்சை ஒருமிக்க வாங்குவது என்ற முறைகளைக் கைக்கொண்டனர். தடை ஒருபுறமும் கூட்டு ஒருபுறமுமாக இரு வழிகள். வைரசைப் பொறுத்தவரை இரண்டாவதே அதற்கு நேரடியாக முகங்கொடுத்தது. நிலமிழந்த விவசாயத் தொழிலாளியைப் பொறுத்தவரை அவ்வாறு கூற முடியாது.

அட்டவணையைப் புகழ்வதோடு நிறுத்திவிடுவது ஆய்வாகாது. கூட்டுச் செயற்பாடு உற்பத்தியின் ஒரு கட்டத்தை மட்டுமே தழுவியுள்ளது. குளத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவை அதற்கு அப்பாற்பட்டவை. புலி இறாலின் தாயிறால்கள் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. அவை ஏற்கெனவே வைரசைச் சுமந்திருக்கக்கூடும். குஞ்சு பொரிப்பகத்தில் சோதனை செய்யப்பட்டாலும், மாதிரிக்கு எடுத்த சில நூறு குஞ்சுகளில் தொற்று இல்லாமை எஞ்சிய இலட்சங்களில் இல்லாமைக்கு முழுச் சான்றன்று. குஞ்சு குளத்தில் இறங்கிய கணத்திலிருந்து இழப்பு முழுவதும் பண்ணையாளருடையது. குஞ்சு விற்றவரும் தீனி விற்றவரும் தம் விலையைப் பெற்றுவிட்டனர். ஏற்றுமதியாளர் வேறொரு வலயத்தில் வாங்கிக்கொள்வார்.

மற்றுமொரு தரப்பினர் பற்றி எவரும் பேசுவதில்லை. சங்கத்தில் உறுப்புரிமை பண்ணை நடத்துவோருக்கே உண்டு. தீனி இடுபவர், இரவுக் காவல் இருப்பவர், சேறு அகற்றுபவர் அதில் இல்லை. குளம் காயும் மாதங்கள் நீருக்கு ஓய்வு. கூலியாளருக்கு அவை வேலையற்ற மாதங்கள். நோய்க் கட்டுப்பாட்டின் செலவில் ஒரு பங்கை அவர்கள் கூலியின்மையாகச் செலுத்துகின்றனர். அது எக்கணக்கிலும் பதியப்படுவதில்லை.

2010களின் பிற்பகுதியிலிருந்து வனாமி எனப்படும் அமெரிக்க வெள்ளிறால் இனம் நம் கரையிலும் இடம்பெறத் தொடங்கியமை புதிய நிலைமையொன்றைத் தோற்றுவித்துள்ளது. குறித்த சில நோய்க்கிருமிகள் இல்லாதனவாகத் தலைமுறை தலைமுறையாக அடைப்பில் பேணப்பட்ட தாயிறால்கள் இவ்வினத்தில் உண்டு. அம்முறை 1990களில் ஹவாயில் உருவானது. தாயிறாலின் வழியாக வைரசு வரும் வாயில் இதனால் பெரிதும் அடைபடுகிறது. அது சிறிய நன்மையன்று. ஆனால் நோயற்ற என்பது நோயை எதிர்க்கும் என்று பொருள்படாது. கால்வாய் நீரில் வைரசு இருப்பின் இக்குஞ்சும் மடியும். மேலும் இவ்வினம் புலி இறாலைவிடக் குறுகிய காலத்தில் விளைவது. மிகுந்த செறிவிலே வளர்ப்பதற்கேற்றது. புலி இறாலின் காலத்துக்கும் செறிவுக்கும் ஏற்ப வகுத்த அட்டவணையில் இதனை எங்கே பொருத்துவது? தாயிறாலை வழங்குவோர் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களே. சந்தை விரும்பும் இனத்துக்கேற்பக் குளத்தைக் கொங்கிறீற்றாலும் தடித்த விரிப்பாலும் மூடி, நீரைச் சுற்றவிட்டு, கால்வாயைச் சாராமல் வளர்ப்பதற்குப் பெருமுதல் உடையோர் முயல்வர். அவர்களுக்குக் கூட்டு அட்டவணை வேண்டியதில்லை. வேண்டாதவர் விலகுந்தோறும் எஞ்சியிருப்போரின் சங்கம் வலுவிழக்கும்.

இந்நிலையில் உடனடியாக வற்புறுத்தக்கூடியது ஒன்றுண்டு. நோய் கண்ட குளத்தை அடைத்து வைத்து, நீரைத் தூய்மை செய்தபின் விடும் பண்ணையாளர் முழு நீர்த்தொகுதிக்கும் ஒரு பணி செய்கிறார். வெளிற்றும் தூளின் விலையையும், அள்ளாது விட்ட இறாலின் பெறுமதியில் ஒரு பங்கையும், குளம் காயும் மாதங்களில் கூலியாளரின் பிழைப்பையும் ஈடுசெய்வதற்கு ஒரு பொது நிதி வேண்டும். அதற்கான பணத்தை மீண்டும் பண்ணையாளரின் சந்தாவிலிருந்து எடுப்பது முன்னைய அநீதியின் மறுபதிப்பாகும். விற்கப்படும் குஞ்சு ஒவ்வொரு ஆயிரத்துக்கும், தீனி ஒவ்வொரு மூடைக்கும், ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் சிறு தீர்வை விதித்து அதனை அமைக்கலாம். இம்மூன்றும் ஏற்கெனவே பதிவேடுகளில் அளந்து எழுதப்படுபவை. புதிதாக எண்ணவேண்டிய தேவையில்லை.